மேசையைக் கீழ்த்தளத்தில் போடுங்கள்



எனக்கு முன்னால் பேசிய நண்பர் ஒரு கேள்வி கேட்டார். "வாடகைக்கே உதவி கேட்டு நிற்கிறவருக்குப் பூனை எதற்கு?" கேட்டுவிட்டுச் சிரித்தார். உங்களில் சிலரும் சேர்ந்து சிரித்தீர்கள். நண்பரே, தனியாகக் கிடக்கிற கிழவருக்குப் பேச்சுத்துணை எதற்கு என்றும் கேட்பீர்களா? சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டுத்தான் ஒருவர் எதன்மேல் பாசம் வைக்கலாம் என்று சொல்வீர்களா?

நடந்ததைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சிங்கப்பூரில் 1989இல் வந்த பூனைத் தடை 2024 ஆகஸ்ட் வரை நின்றது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் நாய்க்கு இடம் இருந்தது, பூனைக்கு இல்லை. என்ன காரணம் சொன்னார்கள்? பூனையை வீட்டுக்குள் அடக்கி வைக்க முடியாது, முடி உதிர்க்கும், கண்ட இடத்தில் அசிங்கம் செய்யும், ராத்திரியில் கத்தும். சரி. 35 ஆண்டு தடை போட்டீர்களே, வீடுகளில் பூனை இல்லாமல் போயிற்றா? பூனை வளர்த்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்று கேட்கலாம்தான். வேண்டாம், முன் வரிசையில் அதிகாரிகள் இருக்கிறார்கள். (சிரிப்பு)

தடை பூனையை ஒழிக்கவில்லை, ஒளித்து வைத்தது. ஜன்னலில் வலை கட்டினால் கீழே இருந்து பார்க்கிறவனுக்கு விஷயம் தெரிந்துவிடும். அதனால் பயந்துகொண்டு வலை கட்டாமல் விட்டவர்கள் இருந்தார்கள். வலை இல்லாத ஜன்னலிலிருந்து பூனை தாழ்வாரத்துக்குத் தாவும், அடுத்த வீட்டு வாசலில் போய் அசிங்கம் செய்யும், சில நேரம் பத்தாவது மாடியிலிருந்து விழும். எந்தத் தொல்லையைத் தடுக்கச் சட்டம் வந்ததோ, அந்தத் தொல்லைக்குச் சட்டமே தீனி போட்டது!

வேறு வழி தெரியாமல் இல்லை. 2012இலேயே சோங் பாங் வட்டாரத்தில் சோதனைத் திட்டம் ஒன்று தொடங்கினார்கள். கருத்தடை செய், மைக்ரோசிப் பொருத்து, வெளியே திரிய விடாதே, பிறகு வளர்த்துக்கொள் என்பதுதான் நிபந்தனை. அந்த நல்ல புத்தி தீவு முழுக்கப் பரவ இன்னும் 12 ஆண்டு ஆனது. நம் அரசாங்கம் எதிலும் அவசரப்படாது என்று நாமே பெருமையாகச் சொல்லிக்கொள்வோம், அதில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஹாங்காங்கைப் பாருங்கள் என்றார் நண்பர். பார்த்தேன். அங்கே அரசாங்க வாடகை வீட்டில் அனுமதி இல்லாமல் பிராணி வளர்த்தால் 5 தண்டப் புள்ளி. இரண்டு ஆண்டுக்குள் 16 புள்ளி சேர்ந்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்லலாம். 2003 ஆகஸ்டுக்கு முன்பே இருந்த சின்ன நாய்களை மட்டும், அவை சாகும்வரை வைத்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். இதையா நமக்கு முன்மாதிரி என்கிறீர்கள்? சொந்த வீட்டுக்காரர் தப்பு செய்தால் அபராதம் கட்டிவிட்டுப் போவார். வாடகைக்காரருக்குப் போவது கூரை. இரண்டும் ஒரே தண்டனையா?

நாய் விஷயமும் இப்படித்தான். 62 இனம் என்று ஒரு பட்டியல், வீட்டுக்கு ஒன்று. வாயே திறக்காத லாப்ரடார் உள்ளே வரக்கூடாது, பொழுதுக்கும் குரைக்கிற குட்டி நாய் வரலாம். பக்கத்து வீட்டுக்காரருக்கு வேண்டியது நிம்மதி. அவர் நாயின் குலம் கோத்திரமா விசாரிக்கிறார்?

இப்போது வாடகை புளோக்குகளுக்கு வருகிறேன். 2024 செப்டம்பர் 1 முதல் வீட்டுக்கு இரண்டு பூனை, உரிமம், மைக்ரோசிப். 2026 ஆகஸ்ட் 31 வரை அவகாசம். இரண்டுக்கு மேல் வைத்திருப்பவர்களும் அதற்குள் விண்ணப்பித்தால் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளலாம். வருமானம் குறைந்தவர்களின் பூனைக்கு இலவசக் கருத்தடைகூட உண்டு. நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் விண்ணப்பம் எங்கே? இணையத்தில். எதை வைத்துத் திறப்பது? அரசாங்கத்தின் இணைய அடையாளக் கணக்கான சிங்பாஸ்.

என் புளோக்கில் ஒரு பாட்டி இருக்கிறார். ஹார்டுவேர் கடையில் பச்சை பிளாஸ்டிக் வலை வாங்கி, கேபிள் டையால் ஜன்னல் கம்பியில் தானே கட்டியிருக்கிறார். கீழ் மூலையில் வலை பற்றவில்லை, அங்கே ஒரு மைலோ டின்னை நிறுத்தி வைத்திருக்கிறார். பூனையைக் காப்பாற்ற அவருக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. ஆனால் கைப்பேசியில் சிங்பாஸைத் திறக்கச் சொன்னால் பேரன் வரும்வரை காத்திருக்க வேண்டும். பேரன் சீனப் புத்தாண்டு விடுமுறைக்குத்தான் வருவான். கெடு முடிந்த மறுநாள் அவர் குற்றவாளி. வீவக விதியை மீறினால் 4,000 வெள்ளி வரை அபராதம். யாரிடம் வசூலிப்பீர்கள், அந்த மைலோ டின்னிடமா? (கைதட்டல்)

ஒன்றை மட்டும் எதிர்த்தரப்புக்கு விட்டுக்கொடுக்கிறேன். வாடகை வீட்டில் முன்பின் தெரியாத இரண்டு தனியாட்கள் ஒரே அறையில் படுக்க வேண்டியிருக்கிறது. ஒருவருக்கு ஆஸ்துமா, மற்றவருக்குப் பூனை என்றால் என்ன செய்வது? உடன் குடியிருப்பவரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கட்டும். சம்மதம் இல்லையென்றால் பூனையை விரட்டச் சொல்லாதீர்கள், வீடு மாற்றித் தர வழி பாருங்கள். இந்த இடத்தில் விதி கடுமையாக இருந்தால் நானே கை தட்டுவேன்.

மற்றபடி நாம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. உரிமம் தரும் தேசியப் பூங்காக் கழகத்தின் அதிகாரிகள் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, மைக்ரோசிப் கருவியோடு வாடகை புளோக்கின் கீழ்த்தளத்துக்கு வரட்டும். தமிழ், மலாய், சீனம் பேசுகிற ஆள் ஒருவர் கூடவே இருக்கட்டும். நகர மன்றம் வலைக்குப் பணம் ஒதுக்கட்டும். கெடு தாண்டிய வாடகைக்காரருக்கு முதலில் வீடு தேடி ஆள் வரட்டும், கடிதம் அப்புறம் வரட்டும்.

முன் வரிசையில் இருக்கும் ஐயா, தேதியை நீங்களே சொல்லுங்கள். மேசை தூக்க நாங்கள் வருகிறோம். மனு பின்பக்கக் கதவோரம் இருக்கிறது, கையெழுத்துப் போடாமல் யாரும் போய்விடாதீர்கள்.