எடை தூக்கலாம், வாருங்கள்
(சங்கக் கூட்டத்தில் பேசியது)



பொள்ளாச்சி கிட்டம்மாள் பாட்டியைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். 82 வயதில், பேரன்கள் ஊக்கம் கொடுக்க, 2024-இல் கோவையில் நடந்த வலுதூக்கும் போட்டியில் 50 கிலோ தூக்கினார். நம் பக்கத்து நெல் கொள்முதல் நிலையத்துச் சிப்பமே 40 கிலோதான்!

நம்மில் பலர் காலையில் நடக்கிறோம். நல்லது, ஆனால் அது மட்டும் போதாது. வரவே இல்லாமல் பற்று மட்டும் எழுதும் கணக்கு மாதிரி, வயது ஏற ஏறத் தசை குறைகிறது. அறுபதுக்கு மேல் வேகமாக. தரையிலிருந்து எழக் கை தேடுவதும், பாத்ரூமில் கால் வழுக்கினால் சமாளிக்க முடியாததும் அதனால்தான். பிள்ளைகள் சென்னையிலும் துபாயிலும் இருக்க, விழுந்தால் யார் தூக்குவது? எடைப் பயிற்சிதான் அந்தக் கணக்கில் வரவு. எலும்புக்கும் அதனால் உறுதி. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது ரொம்ப முக்கியம். சோறு சாப்பிடும் நமக்கு இன்னொன்று: சாப்பாட்டிலிருந்து ரத்தத்தில் சேரும் சர்க்கரையில் பெரும்பங்கைத் தசைதான் வாங்கிக்கொள்கிறது.

மூன்று வருடமாகச் செய்கிறேன். புன்னைநல்லூர் கோயிலில் தூணைப் பிடிக்காமல் எழுகிறேன். லிஃப்ட் நின்ற அன்று பத்து கிலோ அரிசிப் பையோடு மூன்றாம் மாடி ஏறினேன். தொப்பை மட்டும் அப்படியேதான் இருக்கிறது!

வாரம் இரண்டு நாளாவது செய்யச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஜிம் அவசியமில்லை. நாற்காலியில் உட்கார்ந்து எழுங்கள். கையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். சுலபமானதும் எடையைக் கூட்டுங்கள், இல்லாவிட்டால் பலன் அங்கேயே நின்றுவிடும். மூச்சை அடக்காதீர்கள். பிரஷர், இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

செவ்வாய், வெள்ளி காலை ஆறரைக்கு மொட்டை மாடியில் இருப்பேன். பாட்டிலோடு வாருங்கள்.