அவரவர் விருப்பம் அவரவர் இடத்தில்

கணினி நிரல் எழுதப் பழகும் மாணவர்களுக்குப் பயன்படும் செய்தி ஒன்றை இன்று சிந்திப்போம். நிரலைப் பயன்படுத்துவோர் எழுத்தின் அளவு, நிறம், மொழி முதலியவற்றைத் தம் வசதிக்கேற்ப மாற்றிக்கொள்கின்றனர். இவற்றை விருப்ப அமைப்புகள் என்கிறோம். நிரல் இவற்றை எங்கே எழுதி வைக்க வேண்டும்?

வகுப்பறையில் கரும்பலகை எல்லாருக்கும் பொது; பயிற்சிப் புத்தகமோ அவரவருக்குச் சொந்தம். நிரல் நிறுவப்பட்டிருக்கும் கோப்புறை கரும்பலகையைப் போன்றது. விருப்பங்களை அங்கே எழுதினால் என்ன ஆகும்? பள்ளியில் ஒரே கணினியைப் பல மாணவர்கள் பயன்படுத்துகின்றனர். பார்வை குறைந்த மாணவி எழுத்தைப் பெரிதாக்கி வைக்கிறாள். பின்னர் வரும் மாணவன் அதைச் சிறிதாக்கிவிடுகிறான். இருவரும் தத்தம் பெயரில் கணினியைத் திறந்தும் பயனில்லை. மறுநாள் அவள் பாடத்தைப் படிக்க முடியாமல் தவிப்பாள் அல்லவா? குற்றம் மாணவனுடையதன்று, நிரலை எழுதியவருடையதே.

மேலும், பொதுக் கோப்புறையில் எழுதச் சாதாரணப் பயனருக்கு உரிமை இராது. 2007ஆம் ஆண்டு பொது விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா முதல் வீட்டுக் கணினிகளிலும் இக்கட்டுப்பாடு இறுகியது.

ஆகவே, விருப்பங்கள் பயனரின் சொந்த இடத்தில் இருக்க வேண்டும். அந்த இடம் எல்லாக் கணினிகளிலும் ஒன்றா? இல்லை. விண்டோஸில் பயனரின் கோப்புறைக்குள் ஆப்டேட்டா என்னும் பகுதி உண்டு. ரெஜிஸ்ட்ரி என்னும் பதிவேட்டிலும் அவருக்கெனத் தனிப் பிரிவு உண்டு. மேக் கணினியில் பயனரின் லைப்ரரி என்னும் கோப்புறை இதற்கு உரியது. லினக்ஸில் பயனரின் கோப்புறைக்குள், பெயரின் முன்னே ஒரு புள்ளி வைத்த கான்ஃபிக் கோப்புறை பொதுவாக இதற்குப் பயன்படுகிறது. முன்னே புள்ளி இருப்பதால் சாதாரணப் பட்டியலில் அது தோன்றாது.

மூன்றிலும் இயங்கும் நிரலை எழுதுவோர் இம்முகவரிகளைத் தாமே நிரலுக்குள் எழுதிவிடலாகாது. பயனரின் பெயர் கணினிக்குக் கணினி மாறும். லினக்ஸில் பயனர் அந்த இடத்தையே மாற்றிக்கொள்ளவும் கூடும். இடத்தைக் கணினியிடமே கேட்டறிவதுதான் முறை. 2002இல் வெளிவந்த ஜாவா 1.4 பதிப்பு இதற்கென ஒரு வசதியை அளித்தது. "இது பயனருக்குரியது" என்று நிரல் குறிப்பிட்டால் போதும். விண்டோஸில் பதிவேட்டிலும், லினக்ஸில் பயனரின் கோப்புகளிலும் அவ்வசதியே சேர்த்துவிடும்.

இன்னும் இரண்டு செய்திகளை மனத்திற் கொள்வோம். முதன்முறை நிரலைத் திறக்கும்போது அமைப்புக் கோப்பு இராது. பின்னொரு நாள் அது பழுதாகியும் போகலாம். அப்போது நிரல் நின்றுவிடாமல், பொதுவான அமைப்புகளுடன் தொடங்க வேண்டும். அடுத்து, கடவுச்சொல்லை இக்கோப்பில் வெளிப்படையாக எழுதி வைக்கக் கூடாது.

மாணவர்களே, நீங்கள் எழுதும் நிரலை இரண்டு பயனர் பெயர்களில் திறந்து சோதித்துப் பாருங்கள். ஒருவர் செய்த மாற்றம் மற்றவரைத் தொடவில்லையென்றால், உங்கள் நிரல் அவரவர் உரிமையை மதிக்கிறது என்று கொள்ளலாம்.