இருட்டில் ஒளிரும் நூல்

வேல்ஸ் நாட்டில் கார்மார்தன் வட்டாரத்தில் டவி என்றொரு ஆறு ஓடுகிறது. ஜூலை மாதம் அங்கே போனால், இரவு பத்து மணிக்கு ஆற்றங்கரையில் சிலர் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். தூண்டில் கோலைப் பூட்டித் தயாராக வைத்திருப்பார்கள். ஆனால் தண்ணீரில் கால் வைக்க மாட்டார்கள். கோடையில் அந்தப் பக்கம் பொழுது அவ்வளவு சீக்கிரம் சாயாது. எதிர்க்கரைப் புல்லின் பச்சை மறைந்து கறுப்பாக வேண்டும், வௌவால் பறக்க வேண்டும். அதற்கப்புறம்தான் முதல் வீச்சு. அவசரப்பட்டு இறங்கினால் மடுவில் கிடக்கிற மீன் கலைந்துவிடும், அன்றைய ராத்திரியே வீண். அங்கே இது பாலபாடம்.

அவர்கள் காத்திருப்பது கடல் டிரவுட்டுக்காக. வேல்ஸ்காரர்கள் அதைச் சூவின் என்கிறார்கள். டிரவுட் நமக்கு முற்றிலும் அந்நியமான மீனல்ல. வெள்ளைக்காரர்கள் தங்கள் தூண்டில் ஆசைக்காகவே அதை நீலகிரிக்குக் கொண்டுவந்து ஓடைகளில் விட்டார்கள். அவலாஞ்சியில் இருக்கிற டிரவுட் பொரிப்பகம் அந்தக் காலத்தில் வந்ததுதான். கடல் டிரவுட்டும் ஐரோப்பாவின் பழுப்பு டிரவுட்டும் ஒரே இனம். ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய்த் தின்று கொழுத்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்புகிறவற்றுக்குக் கடல் டிரவுட் என்று பெயர், அவ்வளவுதான். கோடையில் ஆறு வற்றித் தெளிந்து கிடக்கும். பகலெல்லாம் இந்த மீன் ஆழமான மடுவில் அசையாமல் கிடக்கும். கரையில் ஒரு நிழல் ஆடினால் போதும், மிரண்டு போகும். இருட்டிய பிறகுதான் அதற்கு நடமாட்டம். ஆகவே அதைப் பிடிக்க ஆசைப்படுகிறவரும் ராக்கோழியாக வேண்டியிருக்கிறது.

சரி, இருட்டில் தூண்டில் போடுவதில் என்ன பெரிய சிக்கல்? நம் ஊர்க் குளத்தில் இருட்டில் உட்கார்ந்து கெளுத்தி பிடிக்கிறவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். ஆனால் அந்தத் தூண்டில் வேறு, இந்தத் தூண்டில் வேறு.

நம்மவர் முள்ளில் மண்புழுவைக் கோத்து, கொஞ்சம் ஈயத்தைக் கட்டி வீசுகிறார். கனம் நுனியில் இருக்கிறது. நரம்பு அதன் பின்னால் போகிறது. ஃப்ளை ஃபிஷிங்கில், ஈத்தூண்டில் என்று வைத்துக்கொள்வோம், இது தலைகீழ். கோழி இறகும் முயல் மயிரும் பட்டு நூலும் சுற்றி, ஈயைப் போலவோ சின்ன மீனைப் போலவோ செய்த ஒரு முள்தான் அதில் இரை. அதற்கு எடை என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. எடை முழுவதும் நூலில் இருக்கிறது. அதனால் நூல் தடிமனாக இருக்கும். வழக்கமாக 27 மீட்டர் நீளம். உள்ளே நைலான் பின்னல், மேலே பி.வி.சி. அல்லது பாலியூரித்தேன் பூச்சு. மிதக்க வேண்டுமே என்பதற்காக அந்தப் பூச்சில் நுண்ணிய கண்ணாடிக் குமிழிகளைக் கலந்திருப்பார்கள். நூலின் முனையில் மூன்று மீட்டர் அளவுக்கு நிறமில்லாத மெல்லிய நரம்பு. நரம்பின் முனையில் ஈ. நூல்களுக்கு எடையைப் பொறுத்து எண் உண்டு. ஐந்தாம் எண் நூலில் முதல் 30 அடி ஏறத்தாழ 9 கிராம் இருக்கும்.

இந்த 9 கிராமைக் காற்றில் பறக்கவிட வேண்டும். முதலில் நூலைத் தண்ணீரிலிருந்து தூக்கி முதுகுக்குப் பின்னால் எறிய வேண்டும். அது பின்னால் முழுக்க நீளும்வரை பொறுக்க வேண்டும். பிறகு கோலை முன்னால் ஓட்டி, சட்டென்று நிறுத்த வேண்டும். கோல் நின்றதும் அதன் நுனியைத் தாண்டி நூல் கொண்டை ஊசி வளைவாக உருண்டு உருண்டு போய், கடைசியில் நேராகி, ஈயை மெல்ல இறக்கும். அந்த வளைவு குறுகலாக இருந்தால் எதிர்க்காற்றையும் கிழித்துக்கொண்டு போகும். கையை அகலமாக வீசினால் வளைவும் அகன்று, வேகமெல்லாம் வீணாகும். பொறுக்காமல் சீக்கிரம் இழுத்தால் சாட்டை சொடுக்குகிற சத்தம் கேட்கும். ஈ அறுந்து எங்கோ போயிருக்கும். தாமதித்தால் நூல் பின்னால் புல்லில் விழுந்து சிக்கும். திடீரென்று வெட்டி இழுத்தால் நூலின் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் குறுக்கே வெட்டிக்கொண்டு, நரம்பில் முடிச்சு விழும். காற்று போட்ட முடிச்சு என்று தூண்டில்காரர்கள் பழியைக் காற்றின் மேல் போடுவார்கள். போட்டது அவர்கள் கைதான். அந்த முடிச்சு விழுந்த நரம்பு ஏறத்தாழ பாதி பலத்தை இழந்துவிடும்.

பகலில் இதையெல்லாம் கண் பார்த்துத் திருத்துகிறது. இரவில் திருத்த ஆளில்லை. நூல் எங்கே இருக்கிறது, பின்னால் நீண்டுவிட்டதா, முன்னால் மரக்கிளையில் விழப்போகிறதா, எதுவும் தெரியாது. இந்த இடத்தில்தான், நூலையே ஒளிரவிட்டால் என்ன என்ற யோசனை வருகிறது.

அதற்குப் பயன்படுவது, பேருந்துப் படிக்கட்டில், கடிகார முள்ளில், குழந்தைகள் அறையின் கூரையில் ஒட்டுகிற நட்சத்திரத்தில் நாம் பார்க்கிற அதே சரக்குதான். நம் ஊரில் ரேடியம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். ரேடியம் கலந்த பூச்சு ஒரு காலத்தில் கடிகாரங்களில் இருந்தது உண்மை. அதைப் பூசிய அமெரிக்கத் தொழிலாளிப் பெண்கள் நோய்ப்பட்டு மாண்டதும் உண்மை. இன்றைய பூச்சில் அது இல்லை, பயப்பட வேண்டாம். முன்பு துத்தநாக சல்ஃபைடு பயன்பட்டது; அது சீக்கிரம் மங்கிவிடும். 1993-இல் ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம் ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட்டில் யூரோப்பியம், டிஸ்ப்ரோசியம் என்ற இரண்டு அருமண் தனிமங்களைச் சிறிது சேர்த்து, அதைவிடப் பல மடங்கு பிரகாசமாகவும் பல மணி நேரமும் ஒளிர்கிற பொடியை உருவாக்கியது. வெளிச்சம் படும்போது எலக்ட்ரான்கள் துள்ளி எழுந்து படிகத்தின் பொறிகளில் மாட்டிக்கொள்கின்றன. சாதாரண அறை வெப்பமே அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவிக்கிறது; விடுபடும்போதெல்லாம் பச்சை ஒளி. இருட்டுக்குப் பழகிய மனிதக் கண் மிக நன்றாக உணர்கிற நிறமும் நீலம் கலந்த பச்சைதான் என்பதால், குறைந்த ஒளியே நமக்கு நிறையத் தெரிகிறது.

இந்தப் பொடியை நூலின் பூச்சில் கலப்பது பேச்சில் எளிது. பொடி தண்ணீரைவிட மூன்று மடங்குக்கு மேல் அடர்த்தியானது. மிதக்க வேண்டிய நூலில் அதைச் சேர்த்தால், மிதப்பதற்கு வேறு வழி செய்ய வேண்டும். தண்ணீர் நேரடியாகப் பட்டால் இந்தப் பொடி சிதைவதால், மேலே நல்ல காப்பும் வேண்டும்.

இத்தனையும் செய்து, ஒளிர்கிற நூலைக் கையில் எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போகிறோம். அங்கே ஒரு வேடிக்கையான முட்டுக்கட்டை. நூல் முதல் சில நிமிடம் ஜொலிக்கும். அப்புறம் முழுதாக அணையாவிட்டாலும் வேகமாக மங்கும். மறுபடி ஜொலிக்க வெளிச்சம் காட்ட வேண்டும். நம் கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். ஒரு தடவை வெள்ளை டார்ச்சை அடித்தால் பழகியதெல்லாம் போச்சு, திரும்பவும் அரை மணி நேரம் குருடு. இதற்காகத்தான் இரவுத் தூண்டில்காரர்கள் சிவப்பு விளக்கு வைத்திருப்பார்கள். சிவப்பு ஒளி இருட்டுப் பார்வையை அவ்வளவாகக் கெடுக்காது. ஆனால் சிவப்பு ஒளியைக் காட்டினால் இந்தப் பொடி திரும்பிக்கூடப் பார்க்காது. அதற்கு நீலமோ புற ஊதாவோ வேண்டும். கண்ணுக்கு ஒத்துக்கொள்கிற விளக்கு நூலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, நூலுக்கு ஏற்றது கண்ணுக்கு ஆகவில்லை. ஒரு பைக்குள் புற ஊதா டார்ச்சை விட்டு, வெளிச்சம் வெளியே கசியாமல் நூலை ஏற்றிக்கொள்ளலாம். அப்போதும் நூலை ரீலிலிருந்து அவிழ்த்துத் தளர்வாகப் போட வேண்டும்; இல்லையென்றால் மேல் சுற்று மட்டும் ஒளிரும், அடிச் சுற்றெல்லாம் இருட்டாகவே இருக்கும்.

மீன் மிரளாதா என்று நீங்கள் கேட்பீர்கள். தூண்டில்காரர்களிடம் இதற்கு இரண்டு கட்சி. ஈக்கும் நூலுக்கும் நடுவே மூன்று மீட்டர் நரம்பு இருக்கிறதே, மீன் ஈயைத்தானே பார்க்கிறது என்பது ஒரு கட்சி. இரவில் கீழிருந்து மேலே பார்க்கிற மீனுக்கு, தலைக்கு மேல் ஒரு பச்சைக் கோடு ஓடினால் அதைவிடப் பெரிய எச்சரிக்கை வேண்டுமா என்பது இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. கோடைத் தெளிநீரில் நிழலுக்கே நடுங்குகிற மீன் அது. ஒளிக்கு மட்டும் ஏன் நடுங்காது?

ஒளிரும் நூலே இல்லாமல் இருட்டைச் சமாளிக்கிறவர்களும் உண்டு. ஹியூ ஃபால்கஸ் என்றோர் ஆங்கிலேயர். இரண்டாம் உலகப் போரில் ஸ்பிட்ஃபயர் விமானம் ஓட்டிச் சிறைப்பட்டவர். பிற்காலத்தில் கம்பிரியாவில் எஸ்க் ஆற்றுப் பள்ளத்தாக்கில் வாழ்ந்தார். 1962-இல் கடல் டிரவுட் பிடிப்பதைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தை இன்றைக்கும் அந்த நாட்டு இரவுத் தூண்டில்காரர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். இரவை முற்பாதி, இடைவேளை, பிற்பாதி என்று கால்பந்தாட்டம் போலப் பகுத்தவர் அவர். அந்த மரபில் வந்தவர்கள் இருட்டை வெளிச்சத்தால் வெல்லப் பார்ப்பதில்லை. பகலிலேயே மடுவைச் சுற்றி வந்து, எந்தக் கிளை எங்கே, எதிர்க்கரை எத்தனை தூரம் என்று மனப்பாடம் செய்துகொள்வார்கள். நூலில் குறிப்பிட்ட தூரத்தில் தையல் நூலை இறுக்கச் சுற்றி ஒரு சிறு மேடு உண்டாக்குவார்கள். இருட்டில் அந்த மேடு விரலில் நெருடினால் போதும், எத்தனை மீட்டர் வெளியே போயிருக்கிறது என்று தெரிந்துவிடும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலும் ஜூன் கடைசியில், ஹெக்ஸ் என்கிற பெரிய பூச்சிகள் இரவில் ஆற்றை மொய்க்கும்போது, மீன் அவற்றை விழுங்குகிற சத்தத்தைக் காதால் கேட்டு அந்தத் திசையில் வீசுகிறார்கள்.

அப்படியானால் ஒளிரும் நூல் வீண்தானா? அதற்கு நல்ல வேலை ஒன்று இருக்கிறது. அந்த வேலைக்கு ஆறும் வேண்டாம், மீனும் வேண்டாம். ஒரு புல்தரை போதும்.

வீச்சுப் பயிற்சியைத் தனி வித்தையாகவே மேல்நாட்டில் நடத்துகிறார்கள். சான்பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில் 1938-இல் கட்டிய குளங்கள் இருக்கின்றன. மீன் பிடிப்பதற்கல்ல, வீசிப் பழகுவதற்கு. ஜோன் வுல்ஃப் என்ற அமெரிக்கப் பெண்மணி 1960-இல் 161 அடி தூரம், அதாவது 49 மீட்டர், ஈத்தூண்டிலை வீசிக் காட்டினார். நார்மன் மெக்லீன் 1976-இல் எழுதிய மொண்டானா கதையில், பாதிரியாரான தகப்பனார் தன் பிள்ளைகளுக்குத் தாளக்கருவியைத் தட்டவிட்டு நான்கு தாளத்தில் வீச்சு கற்றுக்கொடுக்கிறார். அந்தக் கதை ராபர்ட் ரெட்ஃபோர்டின் இயக்கத்தில் 1992-இல் படமாகவும் வந்தது.

அந்தத் தகப்பனார் காதுக்குக் கொடுத்த தாளத்தை ஒளிரும் நூல் கண்ணுக்குக் கொடுக்கிறது. இருட்டில் கோல் தெரியாது, கை தெரியாது, மரம் தெரியாது. வானத்தில் பச்சையாக ஒரு வளைவு மட்டும் பிறந்து, உருண்டு, நேராகி மறையும். பகலில் கற்றுக்கொள்கிறவருக்குப் பார்க்க நூறு பொருள் உண்டு. இங்கே ஒன்றே ஒன்றுதான். தலையைத் திருப்பினால் முதுகுக்குப் பின்னால் நடப்பதும் அப்படியே தெரியும். புதிதாகப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் தப்பு செய்வது அந்தப் பின்வீச்சில்தான். கோலின் நுனியில் ஒளிரும் நாடாத் துண்டு ஒன்றை ஒட்டி, நண்பரை இரண்டு விநாடி திறந்திருக்கும் கேமராவால் படம் எடுக்கச் சொல்லுங்கள். நுனி போன பாதை கோடாகப் படத்தில் விழும். கோடு நேராக இருந்தால் வளைவு குறுகலாக வரும். மேலே வில்லாக வளைந்திருந்தால் கையை அகட்டி வீசுகிறீர்கள். நடுவில் குழிந்திருந்தால், முடிச்சு எங்கே பிறக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டீர்கள்.

ஆற்றில் குறையாக இருந்த அந்த மங்கல், புல்தரையில் பெரிய உதவி. ஆரம்பத்தில் பளிச்சென்று தெரிகிற நூல் கால் மணி, அரை மணி போகப் போகத் தேய்ந்துகொண்டே வரும். கண் தேடும், தடுமாறும். பின்னால் நூல் நீண்டு முடிகிற கணத்தில் கோலின் அடியில் ஒரு சிறு இழுப்பு உண்டு. அதை அப்போதுதான் உள்ளங்கை கவனிக்கத் தொடங்கும். மறுபடி வெளிச்சம் ஏற்றாதீர்கள். நூல் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மங்கிய பிறகும் வீசிக்கொண்டே இருங்கள். இழுப்பு வந்ததும் கை தானாக முன்னே போகிறது என்றால், டவி ஆற்றின் இருட்டுக்கு நீங்கள் தயார். அங்கே போகும்போது சாதாரண நூலையே கொண்டு போங்கள்.

பழகிப் பார்க்க நினைக்கிற நேயர்களுக்குச் சில எச்சரிக்கைகள். முள்ளைக் கட்டாதீர்கள், அதற்குப் பதில் ஒரு துண்டு கம்பளி நூலைக் கட்டுங்கள். இரவானாலும் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். சிமெண்ட் தரையில் வீசினால் பூச்சு தேய்ந்துபோகும்; புல்லில் வீசுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், தலைக்கு மேலே மின்கம்பி போகிறதா என்று பகலிலேயே பார்த்துவிடுங்கள். இன்றைய தூண்டில் கோல்கள் பெரும்பாலும் கார்பன் இழையால் ஆனவை. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும்.