நடப்போர்க்கு உரிய அறிவிப்பு



சாலையோ பாலமோ மூடப்படும்போது வெளியாகும் அறிவிப்பு பெரும்பாலும் ஊர்திகளை நோக்கியே எழுதப்படுகிறது. இவ்வழி அடைப்பு, அவ்வழியே செல்க என்பதோடு அது முடிந்துவிடும். ஊர்திக்கு ஆறு கிலோமீட்டர் சுற்று என்பது சில நிமிடங்களே. வெறுங்காலால் நடப்பவருக்கு அது ஒன்றரை மணி நேரம். விகாரம் செய்யும் முனிவர்களுக்கு அந்த ஒன்றரை மணி நேரம் பல வேளைகளில் கிடைப்பதேயில்லை. அவர்கள் ஊர்தி ஏறுவதில்லை, காலணி அணிவதில்லை, நாளுக்கு ஒருமுறையே ஆகாரம் கொள்கின்றனர், கதிரவன் மறைந்தபின் நடப்பதில்லை. கார்த்திகை, மார்கழியில் மாலை 6 மணிக்கு முன்பே கதிரவன் மறைந்துவிடுகிறான். நண்பகலுக்குப் பின் எதிர்ப்படும் ஓர் அடைப்பு அன்றிரவு தங்கும் ஊரையே மாற்றிவிடும்.

சென்னையிலிருந்து மேல்சித்தாமூர் செல்லும் நேர்வழி செங்கல்பட்டைக் கடந்து, மாமண்டூருக்கு அருகே பாலாற்றைத் தாண்டி, மதுராந்தகம், திண்டிவனம் வழியாகப் போகிறது. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அங்குள்ள பாலாற்றுப் பாலங்களுள் ஒன்று பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டது. இத்தகைய நாள்களில் ஊர்தியில் செல்வோர் நெரிசலில் காத்திருப்பர், அவ்வளவே. திறந்திருக்கும் மற்றொரு பாலத்தின் ஓரமாக நடப்பவருக்கோ ஒதுங்கி நிற்க இருந்த ஒரு சாண் இடமும் போய்விடுகிறது.

நடைபாதை தோண்டப்பட்டிருந்தால் பொதுமக்கள் பக்கத்துப் புல்தரையில் இறங்கி நடந்து கொள்வர். முனிவர்க்கு அதுவும் இயலாது. ஈரியா சமிதி என்பது முன்னே நான்கு முழ அளவு நிலத்தைப் பார்த்து, உயிர்களுக்கு ஊறு நேராவண்ணம் அடிவைத்து நடக்கும் ஒழுக்கம். பசும்புல்லும் புழு பூச்சி நெளியும் ஈரமண்ணும் அவர்களுக்கு மாற்றுவழி ஆகா. ஆகவே, முன்னே சென்று பாதை பார்க்கும் சிராவகர் ‘வழி இருக்கிறது’ என்று மட்டும் கேட்டறிந்து திரும்பினால் போதாது. அது எப்படிப்பட்ட நிலம் என்பதையும் கண்டு வரவேண்டும்.

இக்கடற்கரைக்கே உரிய மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. சாதுர்மாசம் ஆடியில் தொடங்கி ஐப்பசி, கார்த்திகை அளவில் நிறைவுறுகிறது. வடநாட்டில் அப்போது மழை ஓய்ந்து வழிகள் உலர்ந்திருக்கும். செங்கல்பட்டுப் பகுதியிலோ வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் வலுக்கிறது. ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. முனிவர் புறப்படும் வேளையும் புயல் வரும் வேளையும் இங்கே ஒன்றாக அமைந்துவிடுகின்றன. மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்கு அருகே கரையைக் கடந்தது 2022 டிசம்பர் 9 இரவு. பெஞ்சல் புயல் கரை கடந்த 2024 நவம்பர் 30 அன்று கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் பழைய மாமல்லபுரம் சாலையிலும் பேருந்துகளே நிறுத்தப்பட்டன. மதுராந்தகம் ஏரி நிரம்பி உபரிநீர் திறக்கப்படும் நாளில் கிளியாற்றுக் கரையோர மக்களுக்கு எச்சரிக்கை விடுக்கப்படுகிறது. விகார நாள் குறிக்கும் குடும்பத்தார் பஞ்சாங்கத்தோடு வானிலை அறிக்கையையும் பார்ப்பது இந்நிலத்துக்குத் தவிர்க்க முடியாதது. நாள் தள்ளிப்போவதைக் குறையாக எண்ண வேண்டியதில்லை.

மழையால் மட்டும் வழி அடைபடுவதில்லை. 2019 அக்டோபர் 11, 12 தேதிகளில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் மாமல்லபுரத்திலும் கோவளத்திலும் சந்தித்தபோது அருச்சுனன் தபசு, ஐந்து ரதம், கடற்கரைக் கோயில் ஆகியவற்றுக்குப் பொதுமக்கள் செல்ல இயலாதிருந்தது. (அப்போது மாமல்லபுரம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது. செங்கல்பட்டு மாவட்டம் அவ்வாண்டு நவம்பர் 29 அன்றுதான் தொடங்கப்பட்டது. பழைய யாத்திரைக் குறிப்புகளை வைத்திருப்போர் எந்த ஆட்சியர் அலுவலகத்தில் விசாரிப்பது என்பதைத் திருத்திக் கொள்க.) இன்னும் சில தடைகள் நிலையானவை. மாமல்லபுரத்திலிருந்து சதுரங்கப்பட்டினத்துக்குக் கடலோரமாகவே நடந்துவிடலாம் என்று எண்ணிப் புறப்படுவோரை இடையில் கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் பாதுகாக்கப்பட்ட பகுதி மறிக்கும்.

ஓர் உயிரின் பொருட்டு விதிக்கப்படும் தடையும் உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் இக்கரையில் ஏறி, மணலில் குழி பறித்து, ஒரு குழியில் நூறு அளவில் முட்டையிட்டுச் செல்கின்றன. ஏறத்தாழ ஏழு வாரங்களில் குஞ்சுகள் வெளிவந்து, கடலின் மங்கிய ஒளியை நோக்கி ஊர்கின்றன. இரவில் கரையில் உலவுவோரின் கைவிளக்கு அவற்றைத் திசைமாற்றி மேட்டுக்கு இழுத்துவிடும். வேலியிட்ட மணற்பரப்பைக் கண்டால் விலகி நடக்க வேண்டியதன் காரணம் இதுவே. வேடந்தாங்கல் மக்கள் இதனை நன்கு அறிந்தவர்கள். 1798 அளவில் அவ்வூரார் செங்கல்பட்டு ஆட்சியர் லயோனல் பிளேசிடம் முறையிட்டு, ஏரிப் பறவைகளைச் சுடுவதற்குத் தடை பெற்றனர். பறவைகள் மிரளாதிருக்கத் தீபாவளிக்கும் வெடி வெடிக்காத ஊர் அது. அங்குத் தடையைக் கேட்டுப் பெற்றவர்களே தங்களுக்கும் ஒரு தடையை விதித்துக் கொண்டனர்.

இல்லறத்தார்க்கு இது புதிதன்று. இவ்வளவு காலத்துக்கு இந்த எல்லையைத் தாண்டேன் என்று கொள்ளும் தேசவிரதம் தற்காலிகத் தடையின் இயல்புடையதே. அதன் அதிசாரங்களாகத் தத்துவார்த்த சூத்திரம் ஐந்தைக் கூறுகிறது: எல்லைக்கு அப்பாலுள்ள பொருளை வரவழைத்தல், ஆளை அனுப்புதல், குரல் கொடுத்து உணர்த்துதல், உருவைக் காட்டி உணர்த்துதல், கல் முதலியன எறிந்து உணர்த்துதல். கயிறு கட்டிய இடத்தில் தாம் நின்றுகொண்டு, சிறுவன் ஒருவனிடம் கைப்பேசியைக் கொடுத்து உள்ளே அனுப்பிப் படம் எடுத்து வரச் செய்பவரை இந்தப் பட்டியலில் எங்கே சேர்ப்பது என்று தேட வேண்டியதில்லை, இரண்டாவதாகவே இருக்கிறார்.

இனி, அறிவிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பது. எங்கிருந்து எதுவரை அடைப்பு, எந்த நாள், எந்த நேரம், நடப்போர்க்கும் தடை உண்டா, சுற்றுவழி எத்தனை கிலோமீட்டர், அவ்வழியில் வெறுங்காலுக்கு ஏற்ற தரை உண்டா, இருட்டுமுன் தங்கத்தக்க ஊர் எது என்பன அதில் இருக்க வேண்டும். கைப்பேசியில் வரும் வரைபடம் முதியோர் பலருக்குப் பயன்படுவதில்லை; ஜினாலய வாயிற்பலகையில் பெரிய எழுத்தில் எழுதிவைப்பதே பயன் தரும். முனிவர்களில் பலர் கன்னட நாட்டிலிருந்தும் வடபுலத்திலிருந்தும் வருவோராதலின், உடன் செல்வோரிடம் கன்னடத்திலும் இந்தியிலும் ஒரு படி இருத்தல் நலம். ஓணம்பாக்கம் குன்றிலுள்ள தீர்த்தங்கரர் சிற்பங்களைத் தரிசிக்கக் குழுவாகச் செல்வோர், மழைக்கு மறுநாள் பாறை வழுக்கும் நிலையில் உள்ளதா என அவ்வூராரிடம் முந்தைய மாலையே கேட்டுவிட்டுப் புறப்படலாம். அடைப்பு நீங்கியதும் பலகையிலுள்ள பழைய செய்தியை அன்றே அழித்து, வழி திறந்த நாளை எழுதும் பொறுப்பை ஒருவர் பெயரில் ஒப்படைக்க வேண்டும்.