மலைக்கு ஒரு மன்றம் உண்டு. மக்களுக்கு ஒரு வாக்கு உண்டா?

(‘ஊராட்சித் தேர்தல் மீண்டும் வேண்டுமா?’ என்னும் தலைப்பில் நடைபெற்ற தொலைக்காட்சிக் கருத்துமேடையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஊராட்சித் தேர்தல் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் நம் நினைவுக்கு வருவது கோலாலம்பூரும் பினாங்கும்தான். பெரிய நகரங்களின் வாகன நிறுத்துமிடம், வானளாவிய கட்டடம் ஆகியவற்றைப் பற்றியே வாதிட்டு முடித்துவிடுகிறோம். நான் இன்று உங்களை மலைக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். கேமரன் மலைக்கு!

சிறிய ஊர் என்றால் பிரச்சினையும் சிறியதாகத்தான் இருக்கும் என்று எண்ண வேண்டாம். பெரிய நகரத்தில் ஒரு தவறு நடந்தால் அது கூட்டத்தில் மறைந்துவிடும். மலையில் மேலே ஒருவர் செய்யும் தவறு, மழை பெய்தால் கீழே இருப்பவரின் வீட்டு வாசலுக்கு வந்துவிடும்.

ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங், கம்போங் ராஜா என்று ஒரே சாலையில் கோத்த மணிகளைப் போன்ற ஊர்கள். சுமார் 712 சதுர கிலோமீட்டர் பரப்பு. தேயிலைத் தோட்டத்தில் நம்மவர்கள், காய்கறித் தோட்டங்களில் சீனர்கள், அரசாங்க வேலையிலும் வியாபாரத்திலும் மலாய்க்காரர்கள், காட்டோரக் கிராமங்களில் பூர்வக்குடி மக்கள். மலேசியா முழுவதையும் ஒரு மலை மேல் எடுத்து வைத்தது போன்ற இடம் அது.

அந்த மலைக்கு ஒரு மாவட்ட மன்றம் இருக்கிறது. மன்றத்திற்கு உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரையாவது அந்த மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்ததுண்டா? இல்லை.

நம்மிடம் இருந்த உரிமை

இளைய தலைமுறையினர் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று. இந்த நாட்டில் முதன்முதலாக மக்கள் வாக்குச் சீட்டைக் கையில் எடுத்தது நாடாளுமன்றத்துக்காக அல்ல, நகர மன்றத்துக்காகத்தான். 1951ஆம் ஆண்டு டிசம்பரில் ஜோர்ஜ் டவுனிலும், 1952ஆம் ஆண்டு பிப்ரவரியில் கோலாலம்பூரிலும் அந்தத் தேர்தல்கள் நடந்தன. நாடு சுதந்திரம் அடைவதற்கு முன்பே நாம் ஊராட்சியில் வாக்களித்துப் பழகியவர்கள்.

அந்தத் தேர்தல்கள் நம்மவர்களுக்கும் கதவைத் திறந்தன. 1957இல் மாநகரமான ஜோர்ஜ் டவுனின் மேயராகப் பின்னர் பதவி வகித்தவர் டி.எஸ். ராமநாதன் என்னும் தமிழர். அவர் தொழிற்கட்சியைச் சேர்ந்தவர்.

பிறகு என்ன நடந்தது? இந்தோனேசியாவுடன் ஏற்பட்ட மோதலைக் காரணம் காட்டி, 1965 மார்ச் மாதத்தில் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அதே ஆண்டில் ஊராட்சி மன்றங்களின் செயல்பாட்டை ஆராய ஓர் அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அதற்குத் தலைமை தாங்கியவர் செனட்டர் ஆதி நாகப்பன். ம.இ.கா.வின் பெரிய தலைவர்களில் ஒருவர், சட்ட அறிஞர். மன்றங்களில் இருந்த குறைகளை அந்த ஆணையம் மூடி மறைக்கவில்லை. இருந்தும், மன்ற உறுப்பினர்கள் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்றே அது பரிந்துரைத்தது.

அந்தப் பரிந்துரை ஏற்கப்படவில்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் வந்தது. அதன் 15ஆவது பிரிவு ஊராட்சித் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. 10ஆவது பிரிவு, 8 பேருக்குக் குறையாமலும் 24 பேருக்கு மிகாமலும் உறுப்பினர்களை நியமிக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்குக் கொடுத்தது. மோதல் 1966இல் முடிந்துவிட்டது. நிறுத்திவைத்த தேர்தலோ இன்றுவரை திரும்பவில்லை.

யாரிடம் போய்க் கேட்பது?

மலைவாசி ஒருவரின் நிலையில் நம்மை வைத்துப் பார்ப்போம். வீட்டுக்குப் பின்னால் உள்ள சரிவில் மண் வெட்டுகிறார்கள். ஓடை கலங்கலாக ஓடுகிறது. அவர் யாரிடம் முறையிடுவது?

நிலம் மாநில அரசின் அதிகாரத்தில் உள்ளது. அதற்கு நில அலுவலகம். ஆறு வடிகால் நீர்ப்பாசனத் துறையிடம். நெடுஞ்சாலை பொதுப்பணித் துறையிடம். அணைக்கட்டு மின்சார நிறுவனத்திடம். குப்பைகூட, 2011இல் நடப்புக்கு வந்த திடக்கழிவுச் சட்டத்தின்கீழ், பகாங்கில் மத்திய அரசின் கழகத்திடம் போய்விட்டது.

அப்படியானால் மாவட்ட மன்றத்திடம் என்னதான் மிச்சம் என்று நீங்கள் கேட்கலாம். நிறையவே இருக்கிறது. கட்டடம் எழுப்பவும் நிலத்தை மேம்படுத்தவும் திட்ட அனுமதி வழங்குவது மன்றம். சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70ஏ பிரிவின்படி, மண் வெட்டும் பணிக்கு மன்றத்தின் அங்கீகாரம் வேண்டும். அங்காடிக் கடை, உணவகம், தங்கும் விடுதி ஆகியவற்றுக்கு லைசென்ஸ் கொடுப்பதும், தெருவிளக்கைப் பராமரிப்பதும், மதிப்பீட்டு வரி வசூலிப்பதும் அதன் வேலை.

இவ்வளவு இலாகாக்களுக்கு நடுவே குடிமகன் அலைகிறான். அவனுக்காக ஒவ்வொரு கதவாகத் தட்ட ஒருவர் வேண்டும். அந்த வேலைக்குப் பொருத்தமானவர் வட்டார மன்ற உறுப்பினர்தான். ஆனால் அவரை நியமித்தவர்கள் குவாந்தானில் இருக்கிறார்கள். தானா ராத்தாவிலிருந்து தெற்கே மலையிறங்கினால் முதலில் வருவது பேராக்கிலுள்ள தாப்பா; சொந்த மாநிலத்தின் தலைநகர் அதைவிட எவ்வளவோ தூரத்தில் இருக்கிறது. பதவி கொடுத்தவர் தூரத்தில் இருந்தால், பதவி பெற்றவரின் பார்வையும் தூரத்தில்தான் இருக்கும். இது அந்தத் தனிமனிதரின் குற்றமல்ல, முறையின் குற்றம். நல்ல நியமன உறுப்பினர்கள் பலர் உழைக்கிறார்கள். ஆனால் உழைக்காதவரை மாற்றும் வழி மக்களிடம் இல்லை.

மண் சொன்ன பாடம்

2013 அக்டோபர் 23ஆம் தேதி பின்னிரவில், கனமழைக்கிடையே சுல்தான் அபு பாக்கார் அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடப்பட்டது. பெர்த்தாம் வேலியில் சேறும் வெள்ளமும் புகுந்தன. உயிர்கள் பலியாயின; வீடுகளும் வாகனங்களும் அடித்துச் செல்லப்பட்டன. அடுத்த ஆண்டு நவம்பரில் மீண்டும் மண்வெள்ளம், மீண்டும் உயிரிழப்பு.

அணை நிரம்பியதற்கு மழை மட்டும்தானா காரணம்? மேலே சரிவுகளில் வெட்டப்பட்ட மண், ஆண்டுக்கணக்கில் ஆற்றோடு வந்து 1963இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த நீர்த்தேக்கத்தில் படிந்தது. வண்டல் நிறைந்தால் தண்ணீருக்கு இடம் ஏது? ஆற்றோரத்தில் குடியிருப்புகளும் பெருகியிருந்தன. நில அனுமதி ஓர் இடத்தில், மண் வேலை அனுமதி ஓர் இடத்தில், அணை ஓர் இடத்தில். விபத்துக்குப் பிறகு ஒவ்வொருவரும் மற்றவரைக் கைகாட்ட முடிந்தது.

தேர்தல் இருந்திருந்தால் இந்த வெள்ளமே வந்திருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்வது மக்களை ஏமாற்றுவது. ஆனால், ‘எங்கள் சரிவில் யார் மண் வெட்டுகிறார்கள், அனுமதி உண்டா?’ என்ற கேள்வியை மன்றக் கூட்டத்தில் எழுப்பியே தீரவேண்டிய கட்டாயம் ஒருவருக்காவது இருந்திருக்கும். பெர்த்தாம் வேலி மக்களின் வாக்கு இல்லாமல் அவரால் மீண்டும் அந்த நாற்காலியில் அமர முடியாது என்பதே அந்தக் கட்டாயம்.

தோட்டத்து வாசலில் நிற்கும் மன்றம்

இனி நம்மவர்களைப் பற்றி. தேயிலைத் தோட்டம் தனியார் நிலம். தோட்ட வீட்டில் குடியிருப்பவர் அந்த வீட்டின் உரிமையாளர் அல்லர். மதிப்பீட்டு வரி ரசீது அவர் பெயரில் வருவதில்லை. ஆகவே மன்றத்தின் கணக்கேட்டில் அவர் தென்படுவதே இல்லை! தெருவிளக்கு எரியவில்லை என்றாலும், கால்வாய் அடைத்துக்கொண்டாலும் அவர் போய் நிற்பது தோட்ட நிர்வாகத்தின் முன்னால்தான். வேலை கொடுப்பவரிடமே வீதிக்கும் விளக்குக்கும் கையேந்த வேண்டிய நிலை.

இதற்கு இலங்கை மலையகத்தைப் பாருங்கள். அங்கே ஊராட்சித் தேர்தல் இருக்கிறது. தோட்டத் தமிழர்கள் வாக்களித்துத் தங்கள் உறுப்பினர்களைப் பிரதேச சபைக்கு அனுப்பினார்கள். ஆனால் 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆவது பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் பணத்தைச் செலவிடத் தடையாக நின்றது. 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. வாக்கு இருந்தது, ஆனால் வாக்குப் பெற்றவரின் கை தோட்டத்துக்குள் நீளவில்லை.

இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம் என்ன? தேர்தல் மட்டும் போதாது. மன்றத்தின் சேவை தோட்டத்துக்குள்ளும் போக வேண்டும். அதே சமயம், தடையாக இருக்கும் சட்டத்தை மாற்றச் சொல்லிக் குரல் கொடுக்க, முதலில் வாக்குப் பெற்ற ஒருவர் வேண்டும். இரண்டும் சேர்ந்தே வரவேண்டும்.

எதிர்ப்பவர்கள் சொல்வது

எதிர்த்தரப்பு நண்பர்கள் சொல்லும் முக்கிய காரணம் இனப் பூசல். 2018 டிசம்பரில் அன்றைய பிரதமர் டாக்டர் மகாதீரும் இதையே சொல்லி ஊராட்சித் தேர்தலை நிராகரித்தார். இந்த அச்சத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. ஆனால் வரலாறு என்ன சொல்கிறது? 1952 கோலாலம்பூர் நகராண்மைத் தேர்தலில்தான் அம்னோவும் ம.சீ.ச.வும் முதன்முதலாகக் கைகோத்தன. 12 இடங்களில் 9 இடங்களை வென்றன. பின்னாளில் இந்த நாட்டை ஆண்ட கூட்டணிக்கு விதை ஊன்றியது ஓர் ஊராட்சித் தேர்தல்! இனங்களைப் பிரிக்கும் என்று சொல்லப்படும் அதே தேர்தல்தான் அன்று இனங்களைச் சேர்த்து வைத்தது.

கேமரன் மலையில் வேறு சிக்கல் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். நகரங்களில் கூடி வாழ்பவர்கள் வெல்வார்கள். சிதறி வாழும் தோட்டத் தமிழரும் பூர்வக்குடியினரும் தோற்பார்கள் என்ற பயம் நியாயமானது. ஆனால் அதற்கு மருந்து வட்டாரங்களைச் சரியாகப் பிரிப்பதில் இருக்கிறது. தோட்டங்களைச் சேர்த்து ஒரு வட்டாரம், பூர்வக்குடிக் கிராமங்களைச் சேர்த்து ஒரு வட்டாரம் என்று அமைக்கலாம். 2019 ஜனவரியில் நடந்த கேமரன் மலை நாடாளுமன்ற இடைத்தேர்தலை நினைத்துப் பாருங்கள். மக்களவைக்குத் தேர்வான முதல் பூர்வக்குடி உறுப்பினராக ரம்லி முகமட் நோர் வந்தது அந்தத் தொகுதியில்தான். எல்லா இனமும் வாழும் தொகுதியில் அவர் வென்றார். அந்த மலை மக்களை நம்பலாம்.

‘நாடாளுமன்ற உறுப்பினரும் சட்டமன்ற உறுப்பினரும் இருக்கிறார்களே’ என்பது அடுத்த வாதம். கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதிக்குள் மலையடிவாரத்து ஜெலாய் சட்டமன்றத் தொகுதியும் அடக்கம். சட்டம் இயற்றப் போனவரை அடைத்துக்கொண்ட கால்வாய்க்குக் கூப்பிட்டால், சட்டமும் சரியாக வராது, கால்வாயும் சரியாகாது. மன்றத்துக் கூட்டத்தில் வாக்களிக்கும் உரிமை மன்ற உறுப்பினருக்குத்தான் உண்டு.

செலவு என்பது மூன்றாவது வாதம். வாக்காளர் பட்டியல் தயாராக இருக்கிறது. 2021 டிசம்பர் முதல் 18 வயது நிறைந்தவர்கள் தானாகவே அதில் சேர்கிறார்கள். பொதுத்தேர்தலோடு சேர்த்து நடத்தினால் செலவு குறையும். தட்டிக்கேட்க ஆளில்லாமல் நடக்கும் தவறுகளுக்கு நாம் கொடுத்த விலையோடு ஒப்பிட்டால், அந்தச் செலவு பெரிதா?

இனி என்ன செய்யலாம்?

பினாங்கு மாநிலம் 2012இல் தனிச்சட்டம் இயற்றிப் பார்த்தது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் அந்த முயற்சியை ஏற்கவில்லை. ஆகவே நாடாளுமன்றம் 1976ஆம் ஆண்டின் சட்டத்தைத் திருத்தியாக வேண்டும். 2025இல் கோலாலம்பூர் டத்தோ பண்டாரைத் தேர்ந்தெடுப்பது பற்றி மீண்டும் விவாதம் எழுந்தது. தலைநகரிலிருந்தே தொடங்க வேண்டும் என்பதில்லை. சிறிய மாவட்ட மன்றம் ஒன்றில் சோதனை முறையில் தொடங்கலாம். கேமரன் மலையைவிடப் பொருத்தமான இடம் எது?

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. இன்றைய சட்டமே சில கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறது. 23ஆவது பிரிவின்படி, மன்றம் வேறு விதமாகத் தீர்மானித்தாலன்றி, மன்றக் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளருக்கும் திறந்தவை. நம்மில் எத்தனை பேர் போய் உட்கார்ந்திருக்கிறோம்? வட்டாரத் திட்டம் வரையப்படும்போது மக்கள் ஆட்சேபம் தெரிவிக்க நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் இடம் தருகிறது. புதிய மதிப்பீட்டு வரியை எதிர்த்தும் மனுச் செய்யலாம். நியமன உறுப்பினர்களில் பெரும்பான்மையினர் அந்த மன்றப் பகுதியில் வசிப்பவர்களாக இருக்க வேண்டும் என்று 10ஆவது பிரிவு சொல்கிறது. அந்த வரி கடைப்பிடிக்கப்படுகிறதா என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. தோட்டத்திலிருந்து ஒருவர், பூர்வக்குடிக் கிராமத்திலிருந்து ஒருவர் மன்றத்தில் இருக்க வேண்டும் என்று நம் இயக்கங்களும் ஆலய நிர்வாகங்களும் எழுத்து மூலம் கோரலாம்.

நேயர்களே, ஐந்தாண்டுக்கு ஒரு முறை பிரதமரை யார் ஆக்குவது என்று தீர்மானிக்கும் அறிவு கேமரன் மலைத் தோட்டத் தொழிலாளிக்கு இருக்கிறது என்று நாடு ஒப்புக்கொள்கிறது. தன் வீட்டுக்கு மேலுள்ள சரிவை யார் காவல் காப்பது என்று தீர்மானிக்கும் அறிவு மட்டும் அவருக்கு இல்லை என்கிறதா? வாக்கைத் திருப்பிக் கேட்பது சலுகை கேட்பதாகாது. நம்மிடம் இருந்து 1965இல் இரவலாக எடுத்துக்கொண்டதைத் திருப்பிக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.