அடுப்புப் புகையும் தலைவிதியும்

(ஒரு கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நாம் கடவுளைப் பற்றியோ புராணத்தைப் பற்றியோ பேச வரவில்லை. உங்கள் வீட்டு விறகடுப்பைப் பற்றிப் பேசவே வந்திருக்கிறோம். அடுப்பில் என்ன பகுத்தறிவு என்று சிலர் சிரிக்கக்கூடும். பகுத்தறிவு அடுப்பங்கரைக்குள் நுழையாதவரை அது ஆண்களின் திண்ணைப் பேச்சுதான் என்பது நமது அபிப்பிராயம்.

காஸ் அடுப்பு வந்துவிட்டதே என்பீர்கள். வந்தது வாஸ்தவம். ஆனால் வெந்நீருக்கும், நெல் அவிக்கவும், சிலிண்டருக்குப் பணமில்லாத மாதத்தில் சோற்றுக்கும் இன்னும் விறகுதான் எரிகிறது. வீட்டுக்குள் சூழும் புகை முதலியவற்றால் 2020ஆம் வருஷத்தில் மட்டும் உலகத்தில் சுமார் 32 லட்சம் பேர் மாண்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்குச் சொல்லுகிறது. நாமோ, கண்ணைக் கசக்கிக்கொண்டு ஊதுகுழல் ஊதும் பெண்ணைப் பார்த்து, “அடுப்பென்றால் புகையாதா?” என்கிறோம். அவளும் தலைவிதி என்கிறாள்.

தோழர்களே, அது விதியல்ல. காற்றின் கணக்குத் தப்பியதே ஆகும். விறகு எரியக் காற்று வேண்டும். காற்றுக் குறைந்தால் விறகு அரைகுறையாய் எரிந்து புகையும் கரியும் ஆகிறது. அதற்காகத்தான் புகைபோக்கி. சூடேறிய காற்று லேசாகி அதன் வழியே மேலே போக, அடுப்பு வாயில் புதுக்காற்று தானே நுழைகிறது. ஆனால் இழுப்பு அதிகமானால் பானையில் ஏறவேண்டிய சூடும் கூரைக்கு மேலே போய்விடும்; விறகும் நஷ்டம். இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பதுதான் டாம்பர் என்னும் இரும்புத் தகடு. புகைபோக்கியின் வழியைத் திறக்கவும் குறுக்கவும் செய்வது அது.

ஐரோப்பாவில் ரம்போர்டு என்பவர் 1790களிலேயே அடுப்புக்கு இப்படிக் காற்றை அளந்துவிட வழி செய்தார். நம் நாட்டில் ஐதராபாத் எஸ்.பி.ராஜு, மண் அடுப்புக்கே புகைபோக்கியும் தகடும் வைக்கும் முறையை 1953இல் புத்தகமாகவே எழுதினார். நாமோ அடுப்பங்கரை அக்கினி மூலையில் இருக்கிறதா என்று வாஸ்துக்காரனுக்குப் பணம் கொடுத்துக் கேட்கிறோம். புகை எந்த மூலையால் வெளியேறும் என்று யாராவது கேட்டோமா?

உபயோகிக்கும் விதம் வெகு சுலபம். பற்றவைக்கும்போது தகட்டை முழுவதும் திறவுங்கள். தீ நன்றாய்ப் பிடித்ததும் கொஞ்சம் கொஞ்சமாய்க் குறுக்குங்கள். அடுப்பு வாயில் புகை திரும்பினால் சற்றுத் திறவுங்கள். தீ புகைபோக்கிக்குள் ஓடினால் சற்று மூடுங்கள். காய்ந்த விறகையே போடுங்கள். கரி அடைக்காமல் புகைபோக்கியைத் துடையுங்கள். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: தணல் அடியோடு அணையும்வரை தகட்டை முழுவதும் மூடவே கூடாது. அப்போது உண்டாகும் விஷவாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தூங்குகிறவனைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும்.

1980களில் சர்க்காரும் லட்சக்கணக்கில் புகையில்லா அடுப்புகள் கட்டிக் கொடுத்தது. அவற்றில் பல பராமரிப்பின்றிப் பாழாயின. அடுப்பைக் கட்டிக் கொடுத்தால் மட்டும் போதாது. அது எப்படி வேலை செய்கிறதென்று சமைக்கிறவளுக்குத் தெரியவேண்டும்.

ஆகவே ஆண் தோழர்களுக்கு ஒன்று சொல்லுகிறோம். இன்றிரவு வீட்டுக்குப் போனதும் அடுப்பின் முன் அரைமணி நேரம் நீங்களே உட்கார்ந்து ஊதிப் பாருங்கள். விதியா, தகடா என்பது அப்போது விளங்கும்.