64 தறிக்கு ஏழு பேர்

ஆலைகளில் மாற்றம் கொண்டுவருவதில் உளவியலின் பங்கை ஆராயும் இந்தக் கருத்தரங்குக்கு ஊத்துக்கோட்டை பொருத்தமான இடம். இங்கிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி பஸ்களில் தமிழும் தெலுங்கும் சேர்ந்தே கேட்கும். புது மெஷின் வரப்போகிறது, ஷிப்ட் மாறப்போகிறது என்ற பேச்சு நோட்டீஸ் போர்டுக்கு வருமுன்பே அந்தப் பஸ்ஸில் அலசப்பட்டுவிடும்.

இத்துறையின் முக்கியமான சோதனைகளில் ஒன்று இந்திய மண்ணில்தான் நடந்தது. அகமதாபாத் காலிகோ ஆலையில் 1952இல் தானியங்கித் தறிகள் வந்தன. விலை உயர்ந்த இயந்திரங்கள். ஆனால் உற்பத்தி எதிர்பார்த்தபடி ஏறவில்லை, பழுதான துணியும் குறையவில்லை. லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஏ.கே.ரைஸ் அந்தக் கூடத்தைக் கவனித்தார். 224 தறிகளை 29 பேர் பார்த்தார்கள். அவர்களுக்குள் 12 வகை வேலை. நெய்பவர் ஒருவர், பாபின் நிரப்புபவர் ஒருவர், அறுந்த இழையைச் சரிசெய்பவர் இன்னொருவர். ஒவ்வொருவர் கையிலும் வெவ்வேறு எண்ணிக்கையில் தறிகள். கணக்குப் போட்டால் ஒரு நெசவாளருக்குக் கிடைத்த பாபின் ஆள் முழு ஆளே இல்லை, எட்டில் ஐந்து பங்கு! இழை அறுந்தால் யாரைக் கூப்பிடுவது, கூப்பிட்டவர் எந்தத் தறியில் நிற்கிறார்? யாருக்கும் யாரும் சொந்தமில்லாத கூடம் அது.

தறிகளைப் பிரித்து, ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு சிறு குழு பொறுப்பேற்கட்டும் என்று ரைஸ் யோசனை சொன்னார். தொழிலாளர்கள் அதை உடனே பற்றிக்கொண்டு, யார் யாரோடு சேர்வது என்பதைத் தாங்களே முடிவு செய்தார்கள். 64 தறிக்கு ஏழு பேர். தொடக்கத் தடுமாற்றம் தீர்ந்தபின் தறிகளின் செயல்திறன் சுமார் 80 சதவீதத்திலிருந்து 95க்கு ஏறியது, பழுதும் குறைந்தது. இயந்திரம் அதே இயந்திரம்தான்.

அமெரிக்காவில் ஹார்வுட் பைஜாமா ஆலையில் லெஸ்டர் காக்கும் ஜான் ஃப்ரெஞ்சும் செய்து 1948இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. வேலைமுறை மாறுகிறது என்று தகவல் மட்டும் தரப்பட்ட குழுவில் 40 நாட்களுக்குள் 17 சதவீதம் பேர் வேலையை விட்டனர். மாற்றத்தைத் திட்டமிடுவதில் கலந்துகொண்டவர்களில் ஒருவரும் போகவில்லை.

ஆனால் காலிகோவின் பிற்காலத்தையும் மறைக்கக் கூடாது. 1970இல் டாவிஸ்டாக்கின் எரிக் மில்லர் அங்கே திரும்பிப் போய்ப் பார்த்தார். ஒரு கூடத்தில் குழுமுறை பெரும்பாலும் நிலைத்திருந்தது; மற்ற இடங்களில் தேய்ந்துபோயிருந்தது. சந்தையும் துணி ரகங்களும் மாறியபோது, குழுக்களைக் காப்பாற்றும் அக்கறையும் மேலிடத்தில் தொடர வேண்டியிருந்தது.

குழு நிலைக்குமா என்ற கவலை இன்று இந்த வட்டாரத்துக்கும் உண்டு. கும்மிடிப்பூண்டி உருக்காலைகளில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் உலைமுன் நிற்கிறார்கள். பலர் காண்ட்ராக்ட் ஆட்கள். சில மாதங்களில் ஆள் மாறினால் குழு எப்படி உருவாகும்? காண்ட்ராக்டர் மூலம் மட்டுமே பேசும் நிர்வாகம் தொழிலாளியின் மனதை எந்த வழியாகக் கேட்கும்? பயிற்சி வகுப்பும் ஊக்க உரையும் அப்படிக் கேட்பதற்கு ஈடாகா. வேலை நிரந்தரமும் மொழியும் உளவியலாளர் ஒதுக்கிவைக்கக் கூடிய விஷயங்கள் அல்ல.

ஆகவே இங்கே கட்டுரை வாசிப்போருக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் விவரிக்கும் ஒவ்வொரு மாற்றத்திலும் தொழிலாளர்களிடம் எந்தக் கட்டத்தில் கேட்கப்பட்டது, எந்த மொழியில் கேட்கப்பட்டது, அவர்கள் சொன்னதில் எது ஏற்கப்பட்டது என்பதை முதலில் சொல்லுங்கள். காண்ட்ராக்ட் தொழிலாளர்களுக்கு அந்தக் கலந்துரையாடலில் இடம் இருந்ததா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.